காய்ந்து முடித்த மரம்

"நீங்களே தட்டிப் பாருங்க தம்பி" என்று சுத்தியலை என் கையில் கொடுத்தார் ஆசாரி. வேலியோரம் ஏழு வண்டிச் சக்கரங்கள் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றாகத் தட்டினேன். எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. அவர் வாங்கித் தட்டினார். ஒன்று கணீரென்றது. அடுத்தது 'பொத்' என்று அடங்கியது. "இது ஊமை. உள்ள உளுத்துப்போச்சு" என்று அதை ஒதுக்கினார்.

வீரசோழனிலிருந்து நரிக்குடிப் பக்கம் போகும் வழியில், வேப்பமர நிழலில் ஒரு கீற்றுக் கொட்டகை, அதுதான் பட்டறை. மச்சான் பந்தய வண்டிக்குச் சக்கரம் தேடிக்கொண்டிருந்தான். துணைக்குப் போனவன் நான்.

நம் பக்கத்து எல்கைப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெரிய மாடு, நடுமாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்து, தார் ரோட்டில் கொடி நட்ட எல்கை வரை போய்த் திரும்ப வேண்டும். மச்சானின் அப்பா வைத்திருந்த வண்டி இந்தச் சுற்றுவட்டாரத்தில் பேர் வாங்கியது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் தடை போட்டது. வண்டி கொட்டத்தில் மூன்று வருசம் தூசி தின்றது. வீட்டில் ஒரு செலவு வந்தபோது சக்கரங்களைக் கழற்றி விற்றுவிட்டான். 2017இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. தீர்ப்பு வந்துவிட்டது, சக்கரம் வரவில்லை.

"புதுசா அடிச்சா என்ன?" என்று கேட்டேன். ஆசாரி சிரித்தார். "அடிக்கலாம். ரெண்டு கோடை போனா ஆட்டம் கொடுக்கும். உங்க ஊரு வெயிலு அப்படி."

பிறகு ஒரு சக்கரத்தைக் கிடத்தி விளக்கினார். நடுவில் குடம். அதிலிருந்து பன்னிரண்டு ஆரம். வெளியே வளைவு வளைவாக ஆறு வட்டை. ஒரு வட்டைக்கு இரண்டு ஆரம். எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பது மேலே போட்ட இரும்புப் பட்டா. ஐந்தடிச் சக்கரத்தின் சுற்றளவு பதினாறடிக்குக் கொஞ்சம் குறைவு. பட்டாவைச் சக்கரத்தின் சுற்றளவை விடச் சற்றுக் குறைத்தே வளைத்து ஒட்டுகிறார்கள். வரட்டியை வட்டமாக அடுக்கி மூட்டம் போட்டுப் பழுக்கக் காய்ச்சினால் இரும்பு ஓர் அங்குலத்துக்கு மேல் நீளும். அந்தச் சூட்டிலேயே இடுக்கியால் தூக்கி மாட்டி, வட்டை கருகித் தீப்பிடிக்கும் முன் தண்ணீரை ஊற்ற வேண்டும். இரும்பு சுருங்கும்போது பன்னிரண்டு ஆரமும் ஒரே நேரத்தில் குடத்துக்குள் இறங்கும். "அப்ப மரம் முனகும் பாருங்க, அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

இரும்பு சுருங்கினால் நல்லது. அதற்குப் பிறகு மரம் சுருங்கினால் கேடு. ஈரம் முழுக்கப் போகாத கருவேலம் திருச்சுழி வெயிலில் காயக் காய மெலியும், பட்டா தளரும், ஆரம் கடகடக்கும். அந்தக் காலத்தில் கோடையில் சக்கரத்தைக் கழற்றி ஊருணியில் ஊறப்போட்டார்கள். ஊறினால் மரம் உப்பி இறுகும். அது பார வண்டிக்குப் போதும். பந்தயத்தில் எல்கைக் கொடியைச் சுற்றி ஒடித்துத் திருப்பும்போது எடை முழுதும் ஒரு சக்கரத்தின் மேல் சாயும். அங்கே நூலளவு ஆட்டம் இருந்தாலும் சாரதி தரையில்தான். நாற்பது, ஐம்பது கோடை கண்ட மரத்துக்கு இனிச் சுருங்க எதுவும் மிச்சமில்லை. அதனால்தான் பழைய சக்கரத்துக்கு இந்த அலைச்சல். அதன் பட்டாவைக் கழற்றி, வட்டையைச் சீவி எடை குறைத்து, ஒடுக்கமான பட்டா போட்டுக் கொடுக்கிறார் ஆசாரி.

கலிபோர்னியாவில் 1930களில் பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டைக் கழற்றி எறிந்து, வற்றிக் கிடந்த ஏரிகளில் ஓட்டிப் பந்தயம் வைத்த இளைஞர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். 'ஹாட் ராட்' என்று பேர். இன்றைக்கு அந்த மாதிரி கார் கட்டுகிறவர்கள் போருக்குப் பின் வந்த ஹாலிபிராண்டு மக்னீசியம் சக்கரங்களைத் தேடி அலைகிறார்கள். மக்னீசியத்துக்கு அரிப்பும் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் எதிரி என்பதால் சோதித்துத்தான் மாட்டுவார்களாம். வற்றிய கண்மாய் பார்த்து வளர்ந்த மச்சானிடம் இதைச் சொன்னேன். "அவங்களுக்கும் ஜோடி கிடைக்காமத்தான் அலையுறாங்களா?" என்று கேட்டான்.

எனக்குப் பிடித்தது ஓரத்தில் நின்ற சக்கரம். குடத்தில் பித்தளைப் பூண், எண்ணெய் பூசிய மினுமினுப்பு. ஆசாரி நகத்தால் ஒரு வட்டையின் மூட்டைக் கீறினார். மெழுகும் கரியும் கலந்த பசை சுருண்டு வந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு வெடிப்பு. "விக்கிறவன் வேலை இது. ஓட்டல் வாசல்ல நிறுத்த இது போதும்." நல்ல சக்கரங்கள்கூட இப்போது அந்த வழியில்தான் போகின்றன: கண்ணாடி போட்டு மேசையாக, தோட்டத்துச் சுவரில் அலங்காரமாக. காரைக்குடிப் பழம்பொருள் கடைக்காரர் சொல்லும் விலைக்கு மாடு வைத்திருப்பவன் ஈடு கொடுக்க முடியாது.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றை அச்சில் மாட்டிச் சுழற்றிவிட்டு, வட்டையை ஒட்டி ஒரு ஈர்க்கைப் பிடித்தார். சுற்று முழுக்க ஈர்க்குக்கும் வட்டைக்கும் நடுவே ஒரே இடைவெளி. அடுத்ததும் அப்படியே ஓடியது. மச்சான் முகம் மலர்ந்தது. ஆசாரி இரண்டையும் சேர்த்து நிறுத்தி மேலே மட்டப்பலகை வைத்தார். ஒன்று அரை அங்குலம் குட்டை. "வண்டி ஒரு பக்கமா இழுக்கும். மாடு பாவம்யா."

நெட்டையானதை மட்டும் வாங்கினோம். ஆசாரி ஒரு கருவேலங்குச்சியை எடுத்துச் சக்கரத்தோடு நிறுத்தி, உயரத்துக்குச் சரியாக வெட்டி, நுனியில் கரிக்கோடு போட்டு என்னிடம் நீட்டினார். "பச்சைக் குச்சி குடுக்கல, பயப்படாதீங்க. இது காய்ஞ்சது. அளவு மாறாது. எந்த ஊர்ல சக்கரத்தப் பார்த்தாலும் வச்சுப் பாருங்க."

மச்சான் சக்கரத்தோடு வண்டியில் போனான். நான் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஐந்தடிக் குச்சியோடு ஏறினேன். "என்ன சார், மாடு மேய்க்கப் போறீங்களா?" என்றார் கண்டக்டர். வழியில் ஒரு வீட்டு வாசலில் முல்லைக்கொடி படர விட்டிருந்த வண்டிச் சக்கரம் கண்ணில் பட்டது. இறங்கலாமா என்று யோசிப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது.