எதைத் தாங்காது?

எங்கள் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கப் பைகள். டிரான்சிஸ்டர் உறை, கேமரா உறை, மெக்கர் பை, கால்குலேட்டர் உறை, இடுப்பு பெல்ட்டில் மாட்டும் செல்போன் பவுச் என்று ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். உள்ளே இருந்த கருவிகளில் பாதிக்குமேல் இப்போது இல்லை. சில பழுதாகிப் போயின, சிலவற்றைக் காலம் கொண்டுபோனது. பைகளை மட்டும் நான் விடவில்லை. பொங்கலுக்கு முன்னால் வீடு ஒழிக்கும்போது மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்பாள், "மாமா, இதெல்லாம் இன்னும் வைக்கணுமா?" என்று. வைக்கணும்மா என்பேன். ஏன் என்பதை இதுவரை அவளிடம் முழுதாகச் சொன்னதில்லை.

பை தைக்கிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பொருள் எதைத் தாங்காது என்பதுதான். அளவும் நிறமும் அதற்குப் பிறகு. அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டவர்கள் சிலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கைபட்ட பைகள்தான் அந்தத் தட்டில் இருக்கின்றன.

தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் அப்பாவுடையது. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊர். ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் பணம் கட்டி லைசென்ஸ் எடுத்த காலம் அது. 1960களில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டுத்தான் எங்கள் வட்டாரத்தில் ஏ.டி.டி. 27 நெல் பரவியது. அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்பாவும் உறையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ரேடியோவை வரப்புக்கே கொண்டுபோவார். ஒலி வெளியே வர முன்பக்கத் தோலில் வரிசையாகத் துளைகள், பேட்டரிக் கட்டைகளை மாற்றப் பின்பக்கத்தில் அமுக்குப் பொத்தான்கள். தூசியையும் இடிபடுவதையும் தோல் பார்த்துக்கொள்ளும். ஆனால் உள்ளிருந்து வரும் ஆபத்தை எந்த உறையும் தடுக்காது என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கட்டைகளின் துத்தநாகக் கூடு, மின்சாரம் தரத் தரத் தானே கரையும். கரைந்து ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். நாலு நாள் வெளியூர் போவதென்றால்கூடக் கட்டைகளைக் கழற்றித் தனியே வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அம்மா வாசலில் நின்று கூப்பிட்டாலும் அந்த வேலை முடியாமல் வரமாட்டார்.

கேமரா உறை பெரியப்பாவுடையது. ஆக்ஃபா கிளிக் III. 120 ஃபிலிமில் சதுரமாகப் பன்னிரண்டு படம் எடுக்கும். ஐப்பசி பிறந்ததும் பெரியப்பா கேமராவை உறையிலிருந்து எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வெறுமனே வைத்துவிடுவார். உறை இருக்கும்போது ஏன் இப்படித் திறந்து வைக்கிறீர்கள் என்று சின்னப் பையனாக நான் கேட்டிருக்கிறேன். "தோலு ஈரத்தைக் குடிச்சு வச்சுக்கும்டா. உள்ள அடைச்சு வச்சா லென்ஸுல பூஞ்சை புடிச்சுடும். வெயில் காலத்துல உறைக்குள்ள வச்சுக் காப்பாத்தணும், மழைக் காலத்துல உறைய விட்டு எடுத்துக் காப்பாத்தணும்" என்றார். பூஞ்சை லென்ஸை அரித்துவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் தழும்பு போகாது. பிள்ளைகள் விஷயத்திலும் அவர் அப்படித்தான். கூச்ச சுபாவமுள்ள மூத்தவனைச் சீக்கிரமே ஹாஸ்டலில் விட்டார், துடுக்கான இளையவனைக் கல்லூரி முடியும்வரை தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். ஊரார் மாற்றிச் செய்கிறார் என்றார்கள். இருவரும் நன்றாக வந்தார்கள்.

வேலைக்கு நான் கோயம்புத்தூர் போனேன், ஒரு நூற்பாலையின் எலக்ட்ரிகல் பிரிவுக்கு. மெக்கர் அங்கே தினமும் கையில் இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் 500 வோல்ட் எழும்பும். மோட்டார் காயிலில் இன்சுலேஷன் கெட்டிருக்கிறதா என்பதை முள் காட்டிவிடும். நல்ல கனம். அதன் பை வார் பிய்ந்தபோது டவுன்ஹால் பக்கம் நடைபாதையில் பை தைத்துக்கொண்டிருந்த பாயிடம் கொண்டுபோனேன்.

அவர் பையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, பை எங்க கிழியுது? வாரு பையைப் பிடிச்சிருக்கிற எடம்தான் கிழியுது. கனம் பூரா அங்கதான் உக்காருது" என்றார். கிழிந்த இடத்துக்குள்ளே பட்டையாக ஒரு தோல் துண்டை வைத்தார். நூலைத் தேன்மெழுகில் இழுத்தெடுத்து, அதன் இரண்டு முனையிலும் ஊசி கோத்தார். ஊசியால் குத்திய ஒவ்வொரு துளையிலும் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஊசி, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஊசி. சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு. "மெஷின் தையல்ல ஒண்ணு அறுந்தா வரிசையா உருவிக்கிட்டு வந்துரும். இதுல ஒரு நூல் அறுந்தா எதிர்ப்பக்க நூல் பிடிச்சுக்கும்" என்றார். தைத்து முடித்ததும் பையின் உள்மடிப்பில் மில் பெயரையும் என் பிரிவையும் எழுதச் சொன்னார். எங்கே தவறினாலும் திரும்பி வர ஒரு வழி வேண்டுமாம். அந்தப் பை நான் ஓய்வு பெறும்வரை உழைத்தது. இன்றும் அந்தச் சதுரத் தையலில் ஒரு நூல்கூட விட்டுப்போகவில்லை.

அதற்குப் பிறகு வார விடுமுறை நாட்களில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தையல் பழக ஆரம்பித்தேன். புது ஜிப் போடத் தயாராகப் பணத்தோடு வருவார்கள். பாய் பல் வரிசையை விரலால் தடவிப் பார்ப்பார். ரன்னரைக் குறடால் இரண்டு பக்கமும் மெல்ல ஓர் அமுக்கு அமுக்குவார். ஜிப் சரியாக மூடும். காசு வாங்கமாட்டார். "பல்லு நல்லாத்தான் இருக்கு. இழுத்து இழுத்து ரன்னர் வாய் அகண்டு போச்சு. இதுக்கென்ன காசு?" என்பார். முழு ஜிப்புக்கான பணம் எதிரே நீட்டப்பட்டிருக்க, அதை வாங்காமல் திருப்பியனுப்புவதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்பது, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தத் தொடங்கிய பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. பழுது எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பொறுமை அவருக்கு இருந்தது. வீட்டிலும் வேலையிலும் யாரோடாவது மனக்கசப்பு வரும்போது, முழுவதையும் பிரித்து எறிவதற்கு முன்னால் அந்தக் குறடு என் நினைவுக்கு வந்திருக்கிறது. பலமுறை ஒரு சின்ன அமுக்கே போதுமானதாக இருந்தது.

செல்போன் பவுச்சைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2003இல் வந்த நோக்கியா 1100 கீழே விழுந்தாலும் தாங்கும். பவுச் என்பது போன் வந்துவிட்ட சந்தோஷத்துக்காக மாட்டிக்கொண்டது. இப்போது பேரன் தூக்கிக்கொண்டு அலையும் பவர்பேங்க்தான் மென்மையானது. குத்துப்பட்டாலோ சூடேறினாலோ தீப்பிடிக்கக்கூடியது. விமானத்தில் அதைச் சரக்குப் பெட்டியில் போடவிடாமல் கையோடு வைத்திருக்கச் சொல்வதும் அதனால்தான். கண் முன்னால் புகைந்தால் உடனே அணைக்கலாம். 100 வாட்-அவர் வரைக்கும் தனி அனுமதி தேவையில்லை. அவனுடைய 20,000 எம்.ஏ.எச். பவர்பேங்க் 74தான் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். சாவிக்கொத்தோடு சேராமல் இருக்க அதற்கென்று தனி அறை வைத்து ஒரு பையும் தைத்துக் கொடுத்தேன்.

என் தங்கை, மகன் வாங்கித் தந்த லேப்டாப் பையைப் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருந்தாள். சில வருஷம் கழித்து எடுத்தபோது மேல்தோல் பாலாடையாக உரிந்து கையில் ஒட்டியது. அவள் கண் கலங்கிவிட்டது. அது பாலியூரிதீன் பூச்சு. காற்றின் ஈரமே அதை மெல்ல மெல்லச் சிதைக்கும், உபயோகித்தாலும் சரி, மூடி வைத்தாலும் சரி. மகன் ஆசையாகக் கொடுத்ததை அவன் பார்க்க நாலு இடத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தால் அவனுக்கும் நிறைவாக இருந்திருக்கும். இதை அவளிடம் சொல்லவில்லை. உரியாத கேன்வாஸில் அதே அளவுக்கு ஒரு பை தைத்துக் கொடுத்தேன். இப்போது கோயிலுக்குக்கூட அதைத்தான் எடுத்துப்போகிறாள்.

கொஞ்ச காலத்துக்கு முன்னால் காந்திபுரம் போகும் டவுன் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் ஒரு கறுப்புப் பை கிடந்தது. உள்ளே சர்க்கரை பார்க்கும் மெஷின், ஊசிகள், ஸ்டிரிப் டப்பா. டப்பாவின் மூடி இறுக்கமாக மூடியிருந்தது. ஸ்டிரிப்புக்கு ஈரம் ஆகாது, அது தெரிந்தவர் யாரோதான் மூடியிருக்கிறார். மூடிக்குப் பக்கத்தில் மடித்த சீட்டு ஒன்று. ஒரு போன் நம்பர். அதன் கீழே அழகான கையெழுத்தில், 'அம்மா தடுமாறினால் சர்க்கரை கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் கொடுக்காமல் 108ஐ அழையுங்கள்.' போன் செய்தேன். அந்த அம்மாவே அடுத்த பஸ்ஸில் வந்து வாங்கிக்கொண்டார். எழுதியது வெளியூரில் இருக்கும் மகளாம். அம்மாவின் பக்கத்தில் இருக்க முடியாத ஒரு பிள்ளை, முன்பின் தெரியாதவர்களை நம்பி எழுதிய சீட்டு அது. பாய் அன்று உள்மடிப்பில் எழுதச் சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு அன்று காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில்தான் கிடைத்தது.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் சர்க்கரை மெஷின் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் பை தைத்துத் தருகிறேன். துணிக்குப் பஞ்சமில்லை. 2021 டிசம்பரில் அரசு மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கிய பிறகு கல்யாண வீடுகளிலிருந்து வந்து சேரும் மஞ்சப்பைகளே நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சீட்டு வைக்க ஒரு குட்டிப் பாக்கெட் உண்டு. சீட்டில் என்ன எழுதுவது என்று வீட்டாரை உட்காரவைத்துக் கேட்டு எழுதுவேன். அப்போது அவர்கள் ஒருவரையொருவர் பற்றிப் பேசிக்கொள்வது, தையலைவிட எனக்குப் பிடித்த வேலை.

அடுத்தது எதிர்வீட்டு டீச்சரம்மாவின் காது மெஷினுக்கு. அதன் செல் காற்றுப் பட்டால்தான் வேலை செய்யும். ஸ்டிக்கரை உரித்த கணத்திலிருந்து அதன் ஆயுள் குறையத் தொடங்கும், திரும்ப ஒட்டினாலும் பெரிய பயனில்லை. ஆகவே ஸ்டிக்கர் உரியாத செல்லுக்கு உரசாத ஓர் அறை, தீர்ந்துபோனதுக்கு இன்னோர் அறை. வீட்டில் தவழும் பேத்தி இருக்கிறாள், செல்லைக் கண்டால் வாயில் போட்டுக்கொள்வாள். அதனால் இரண்டு அறைக்கும் குழந்தை விரலுக்குத் திறக்காத இறுக்கமான பொத்தானாக வைக்க வேண்டும். நாளைக்கு ராஜ வீதியில் தேடிப் பார்க்கிறேன்.