நால்வருக்கு ஒரு கருவி

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், தமிழ்ச் சொற்களுக்கு இலக்கண வகைக்குறி இடும் பணியில் நால்வர் ஈடுபட்டிருந்தோம். பொதுவான விரிதாளில் ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் அழித்துவிடுவது வாடிக்கையாயிற்று. எனவே எங்கள் குழுவுக்கென ஒரு சிறு மென்பொருளை நானே வடிவமைத்தேன். ஒருவர் இடும் குறி அவர் பெயருடன் உடனே அனைவர் திரையிலும் தோன்றும். ஒளிவுமறைவற்ற ஏற்பாடு என்று பெருமிதமும் கொண்டேன். ஒரே மாதத்தில் எங்களுக்கிடையிலான உடன்பாட்டு எண் வெகுவாக உயர்ந்தது. நெறியாளரும் மகிழ்ந்தார்.

பின்னொரு நாள், திருத்தங்களின் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'கயிற்றைப் பற்றி ஏறினான்' என்னும் தொடரில் 'பற்றி' என்பதை எங்கள் குழுவின் முதுகலை மாணவி வினையெச்சம் என்று குறித்திருந்தார். நான் சொல்லுருபு என்று இட்ட சில நிமிடங்களில் தம் குறியை மாற்றிவிட்டார். 'கயிற்றைப் பற்றிக் கேட்டான்' என்பதில்தான் அது சொல்லுருபு. ஏறுகிறவனோ கயிற்றைக் கையால் பிடிக்கிறான். அவர் முதலில் இட்டதே சரி. ஏன் மாற்றினாய் என்று கேட்டேன். "நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்க்கா" என்றார்.

ஜேக்கப் கோஹென் 1960இல் முன்வைத்த கப்பா அளவை, குறியிடுவோர் ஒருவரையொருவர் சாராமல் முடிவெடுக்கிறார்கள் என்னும் எடுகோளின் மீது நிற்கிறது. அந்த எடுகோளை என் கருவியே தகர்த்திருந்தது. எங்கள் எண்ணில் உடன்பாடு எவ்வளவு, தயக்கம் எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. கூட்டுப்பணி மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று 1988இல் ஆராய்ந்த ஜோனதன் குருடின், கூடுதல் வேலை ஒருவர்மீது விழ, பயனை வேறொருவர் அடைவதை ஒரு காரணமாகக் காட்டினார். எங்கள் குழுவில் பயன் என்னுடையது. விட்டுக்கொடுத்தவர் அந்த மாணவி.

கருவியை மாற்றியமைத்தேன். நால்வரும் முடிக்கும்வரை எவர் குறியும் எவருக்கும் தெரியாது. பின்னர், கருத்து மாறுபட்ட சொற்கள் மட்டும் பெயரின்றித் திரைக்கு வரும். காரணம் எழுதாமல் குறியை மாற்ற இயலாது. பழைய குறியும் அழியாது. வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. அந்த ஒரு மாதத் தரவையும் மீண்டும் குறியிட்டு வருகிறோம். உடன்பாட்டு எண் இறங்கிவிட்டது. ஆய்வேட்டில் இடம்பெறப்போவது அந்த எண்தான்.

சென்ற வாரம் என் குறி ஒன்றை மறுத்து ஒருவர் மூன்று வரிகள் எழுதியிருந்தார். எழுதியவர் எவர் என்று எனக்குத் தெரியாது. இன்னும் மறுமொழி எழுதவில்லை. அவர் சொல்வது சரியென்றே தோன்றுகிறது.