நீங்கள் கேட்காத வானொலிக்கு நீங்கள் கொடுத்த காசு

அன்புள்ள அபாங், காக்காக், அங்கிள், ஆன்ட்டி,

கோத்தா பாருவில் மீன் விற்பவர்களே, ஈப்போவில் காப்பிக் கடை நடத்துபவர்களே, மீரியில் எண்ணெய்த் துறையில் வேலை செய்பவர்களே, உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்களில் பெரும்பாலோருக்குத் தமிழும் தெரியாது. ஆனாலும் நீங்கள் கட்டும் வரியில் சில சென்கள் பல்லாண்டுகளாக எங்கள் வீட்டு வானொலிப் பெட்டிக்கு வந்து சேர்கின்றன. அரசாங்கத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்மின் ஒலிபரப்புக் கோபுரமும், அங்காசாபுரியில் விடிய விடிய விழித்திருக்கும் அறிவிப்பாளரின் சம்பளமும் உங்கள் காசிலும்தான் நடக்கின்றன. நீங்கள் அதைக் கேட்டதில்லை, கேட்டாலும் புரியாது. இருந்தும் கணக்குக் கேட்டு ஒருநாளும் சண்டைக்கு வந்ததில்லை. எங்கள் ஆட்கள் அறிவிப்பாளர்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள்; அமைச்சர்களுக்கு மாலை போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல். இதைப் படிக்கும் தமிழர்களே, வேலையிடத்தில் பக்கத்து மேசையில் இருப்பவரிடம் இதன் சாரத்தை மலாயில் சொல்லிவிடுங்கள்.

நான் இருப்பது தெலுக் பங்லிமா காராங்கில். கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் உள்ள ஊர். லங்காட் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேரித் தீவும் அதன் செம்பனைத் தோட்டங்களும். இந்தப் பக்கம் தொழிற்பேட்டை. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் இப்போது தாமான் வீடுகளில் இருக்கின்றன. பிள்ளைகள் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். பேரப் பிள்ளைகளின் கையில் கைப்பேசி. பாட்டுக் கேட்க அவர்களுக்கு வானொலி தேவையில்லை. அப்படியானால் இன்னும் யாருக்குத்தான் தேவை என்று நீங்கள் கேட்கலாம்.

எங்கள் கடைத்தெருவில் பூமாலை கட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். காலை ஆறு மணிக்கெல்லாம் கடை திறந்துவிடும். இரண்டு கையும் எப்போதும் ஈரம். ஒரு கை பூவை எடுத்து வைக்கும், மறு கை நாரைச் சுற்றி இழுக்கும். கண் வாடிக்கையாளர் மேல். அந்தக் கையால் திரையைத் தொட்டுத் தடவி நிகழ்ச்சி தேட முடியாது, தேடவும் அவருக்கு நேரமில்லை. பூக்கூடைகளுக்கு மேலே பலகையில், பின்மூடி உடைந்து ரப்பர் வளையம் மாட்டிய ஒரு வானொலி. அதில் செய்தி வரும், பழைய பாட்டு வரும், இபிஎஃப் சேமநிதிப் பணத்தை எப்படி எடுப்பது என்று ஓர் அதிகாரி வந்து விளக்குவார். அந்த நேரத்தில் மட்டும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்புறம் எழுதுவார். ஒருநாள் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். உதவித் தொகைக்கு மனுச் செய்யக் கடைசித் தேதி, கொண்டுபோக வேண்டிய பத்திரங்கள், போன் நம்பர் என்று எல்லாம் சரியாக எழுதியிருந்தது. அவர் தேடிப் போகாமலேயே அந்தத் தகவல் அவரைத் தேடி வந்திருக்கிறது. நேற்று கேட்ட பாட்டைப் போல இன்னொரு பாட்டைத் தேடிக் கொடுப்பதில் ஸ்ட்ரீமிங் தளங்கள் கெட்டிதான். ஆனால் அக்காவுக்கு அன்று தேவைப்பட்டது பாட்டு அல்ல.

இந்த வானொலியின் கதை எங்கள் கதையோடு பிணைந்தது. இதன் முன்னோடியான ரேடியோ மலாயா 1946 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கியது. பிறகு அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு போர் நடந்தபோது, 1950இல் பிபிசியிலிருந்து ஹியூ கிரீன் என்பவரை வரவழைத்துப் பிரச்சாரப் பொறுப்பைக் கொடுத்தார்கள். பின்னாளில் பிபிசிக்கே தலைமை இயக்குநர் ஆனவர் அவர். புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டது அந்தக் காலத்தில்தான். மக்களைத் தன் பக்கம் இழுக்க அரசாங்கம் வைத்த பெட்டி அது. எங்கள் தாத்தாக்களோ அதில் நாடகம் கேட்டார்கள், பாட்டுக் கேட்டார்கள், நாட்டு நடப்புத் தெரிந்துகொண்டார்கள். காலையில் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, பால்மரம் சீவி, பால் பிடிக்கும் மங்கு கழுவிக் களைத்து வந்தவர்களுக்கு அது தோட்டத்துக்கு வெளியே ஓர் உலகத்தைக் காட்டியது. யார், எதற்காக வைத்தார்கள் என்பதையும் மீறி அது எங்களுடையதாக ஆனது.

எழுதுகிறவர்களையும் அந்த வானொலி வளர்த்தது. மலேசியத் தமிழ் நாவலாசிரியர்களில் முக்கியமானவர் ரெ. கார்த்திகேசு. கெடாவின் பீடோங்கில் பிறந்தவர். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் தகவல் சாதனத் துறைப் பேராசிரியராகப் போவதற்கு முன் இந்த ஒலிபரப்பு நிறுவனத்தில்தான் வேலை செய்தார். 2016இல் மறைந்தார். நாடகமும் சிறுகதையும் எழுதி வானொலிக்கு அனுப்பி, தன் பெயர் அதில் வருவதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டவர்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர். புத்தகம் போட வசதியில்லாத ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், தோட்டத் தொழிலாளர்கள் அவர்கள். சந்தையை மட்டும் நம்பியிருந்தால் அவர்களுக்கு ஒரு மைக் கிடைத்திருக்காது.

இனிக் காசு விஷயம். 1999 வரை தொலைக்காட்சி வைத்திருந்த ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கு 24 வெள்ளி (ரிங்கிட்) லைசன்ஸ் கட்டியது. மாதத்துக்கு 2 வெள்ளி. அதை எடுத்த பிறகு, மின்னலை நடத்தும் அரசாங்க ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம் முழுக்க முழுக்க அரசாங்க ஒதுக்கீட்டையும் விளம்பரத்தையும் நம்பி ஓடுகிறது. விளம்பரமோ இப்போது இணையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. செலவு மட்டும் குறையவில்லை, கூடியிருக்கிறது. ஒலிபரப்புக் கோபுரத்துக்கு ஒருவர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றுதான். இணையத்தில் அப்படியில்லை, கூட ஒருவர் கேட்டால் அதற்கும் காசு. ஆர்டிஎம் கிளிக் செயலியில் மின்னலைக் கேட்கிற என் மருமகனுக்காகவும் செலவழிக்க வேண்டும், பூக்கடை அக்காவுக்காகக் கோபுரத்தையும் நிறுத்தக் கூடாது. பழையதை விடாமல் புதியதையும் சுமக்க வேண்டிய காலத்தில்தான், “வேண்டியவர்கள் சந்தா கட்டிக் கேட்கட்டுமே” என்ற பேச்சும் வருகிறது.

அந்தப் பேச்சைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நெட்ஃபிளிக்ஸுக்கு அப்படித்தானே கட்டுகிறோம் என்கிறார்கள். ஆனால் இந்தியர்கள் நாட்டு மக்களில் ஏறத்தாழ ஏழு விழுக்காடு. அதில் வானொலியை அதிகம் நம்பியிருப்பவர்கள் வயதானவர்களும் குறைந்த வருமானக்காரர்களும். அவர்களிடம் சந்தா கேட்டால் முதலில் விலகிப் போகப்போவது யாருக்காக இந்த வானொலி இருக்கிறதோ அவர்களேதான். 2021 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஆட்கள் கூரை மேல் நின்றார்கள். எங்கள் கோலா லங்காட் மாவட்டத்திலும் வெள்ளம். கரண்ட் போனால் கைப்பேசி சார்ஜ் போகும். அலைவரிசைக் கோபுரம் நின்றால் சார்ஜ் இருந்தும் பயனில்லை. இரண்டு பேட்டரி போட்ட வானொலி அப்போதும் பேசும். ஆற்று நீர் ஏறுகிறது என்ற செய்தியைச் சந்தா கட்டியவருக்கு மட்டும் சொல்ல முடியுமா?

சின்ன மொழிக்காரர்களுக்குப் பெரிய மொழிக்காரர்கள் கை கொடுப்பது இங்கு மட்டும் நடப்பதல்ல. சுவிட்சர்லாந்தில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் தவிர ரோமான்ஷ் என்றொரு மொழி இருக்கிறது. பேசுபவர்கள் மக்கள்தொகையில் ஒரு விழுக்காடுகூட இல்லை. அவர்களுக்கும் வானொலி உண்டு, தொலைக்காட்சி நிகழ்ச்சி உண்டு. ஒலிபரப்புக் கட்டணத்தையே ஒழித்துவிடலாமா என்று 2018 மார்ச் 4ஆம் தேதி அங்கே பொது வாக்கெடுப்பு வைத்தார்கள். 71.6 விழுக்காட்டினர் வேண்டாம், கட்டணம் இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். அந்த வாக்குகளில் மிகப் பெரும்பாலானவை ரோமான்ஷ் பேசாதவர்களுடையவை. உங்களை நினைக்கும்போது எனக்கு அவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவர்களிடமாவது வாக்குச் சீட்டை நீட்டிக் கேட்டார்கள். எதிர்த்திசையில் போன கதையும் எங்களுக்குத் தெரியும். பிபிசியின் தமிழோசை வானொலி 1941இல் தொடங்கியது. இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் நம்பத்தக்க செய்திக்காக யாழ்ப்பாணத்து வீடுகள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது அதற்குத்தான். தமிழ் தெரியாத பிரிட்டிஷ் மக்களின் காசு அது. 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றது. இணையத்தில் பிபிசி தமிழ் இருக்கிறது, நல்ல வேலையும் செய்கிறது. ஆனாலும் சிற்றலையில் மட்டுமே கேட்டவர்கள் அன்றோடு விட்டுப்போனார்கள்.

கட்டணத்துக்கு மாற்று வழியும் உண்டு. பிரான்ஸ் 2022இல் ஆண்டுக்கு 138 யூரோவாக இருந்த தொலைக்காட்சிக் கட்டணத்தை எடுத்துவிட்டு, மதிப்புக் கூட்டு வரியில் ஒரு பங்கைப் பொது ஒலிபரப்புக்குத் திருப்பிவிட்டது. நமக்கு ஒத்துவரக்கூடிய வழி இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு மலேசியா 2020 ஜனவரி 1 முதல் சேவை வரி வசூலிக்கிறது. 6 விழுக்காடாக இருந்தது, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. மாதம் 25 வெள்ளிக்குப் படமும் பாட்டும் சந்தா கட்டும் வீட்டில் அந்த வரி மாதம் 2 வெள்ளி, ஆண்டுக்கு 24 வெள்ளி. பழைய டிவி லைசன்ஸ் எவ்வளவோ அதே தொகை. புதிதாக யார் பையிலும் கை வைக்க வேண்டியதில்லை. பணம் ஏற்கனவே வந்துகொண்டிருக்கிறது, பொதுக் கருவூலத்தில் போய்க் கலந்துவிடுகிறது. அதில் குறிப்பிட்ட ஒரு பங்கு பொது ஒலிபரப்புக்கு என்று சட்டத்தில் எழுதி வைத்தால் போதும். ஸ்ட்ரீமிங் வளர வளர அந்தப் பங்கும் வளரும். சந்தா கட்ட வசதியுள்ளவர் கொடுப்பார். பூக்கடை அக்கா எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சட்டத்தில் இருக்க வேண்டும். ஆர்டிஎம் ஓர் அரசுத் துறை. தேர்தல் வந்தால் ஆளும் தரப்பின் குரல் அதில் எத்தனை உரக்கக் கேட்டது என்பதை நாம் எல்லா மொழியிலும் பார்த்திருக்கிறோம். ஆண்டுதோறும் பணத்தை அளந்து கொடுக்கும் கை ஒன்றாகவும், செய்தி அந்தக் கையைப் பற்றியதாகவும் இருந்தால் செய்தி ஆசிரியருக்குத் தொண்டை அடைக்கத்தான் செய்யும். ஜெர்மனியில் பொது ஒலிபரப்புக்கு எவ்வளவு பணம் தேவை என்பதைத் தனி ஆணையம் ஒன்று கணக்கிட்டுச் சொல்கிறது. 2020இல் ஒரு மாநிலம் ஒலிபரப்புக் கட்டணத்தில் மாதத்துக்கு 86 சென்ட் உயர்வைத் தடுத்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் அடுத்த ஆண்டே தலையிட்டு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று உறுதிசெய்தது. ஒலிபரப்பின் சுதந்திரம் அதன் பணத்தில்தான் தொடங்குகிறது என்று அங்கே நீதிமன்றத்துக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் காசில் நடக்கும் தமிழ்ச் செய்தி எந்த அமைச்சருக்கும் அஞ்சாமல் நடப்பதைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு நாங்கள் காட்ட வேண்டிய மரியாதை அதுதான்.

நாங்களும் உங்களுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். என் வரியிலும்தான் சரவாக்கின் வாய் எஃப்எம்மில் இபான், பிடாயு மொழிகள் ஒலிக்கின்றன. சபாவில் கடசான், டுசுன், மூருட், பஜாவ் மொழி நிகழ்ச்சிகள். அசிக் எஃப்எம்மில் செமாய், தெமியார் என்று ஒராங் அஸ்லி மொழிகள். சீன மொழியில் ஐ எஃப்எம். ஒன்றுகூட எனக்குப் புரியாது. நீண்ட தூரம் ஓட்டும்போது அலைவரிசை மாற்றுகையில் தெமியார் பேச்சு தட்டுப்பட்டால் நான் கொஞ்ச நேரம் அதிலேயே விட்டுவிடுவேன். அந்தக் குரலைத் தன் வீட்டுக்குரல் என்று கேட்டுக்கொண்டிருக்கும் யாரோ ஓர் அம்மா இருப்பார். அவருக்கும் என் காசில் கொஞ்சம் போயிருக்கிறது என்பது எனக்கு மிகுந்த நிறைவு தரும் விஷயம். இதே நிறைவு உங்களுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் இத்தனை விவரமாக எழுதினேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். வரவு செலவுத் திட்டம் நாடாளுமன்றத்துக்கு வருவதற்கு முன் உங்கள் தொகுதி எம்பிக்கு ஒரு வரி எழுதுங்கள், உங்கள் மொழியிலேயே. டிஜிட்டல் சேவை வரியில் ஒரு பங்கை ஆர்டிஎம்முக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். எல்லா மொழி வானொலியும் இலவசமாகவே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். எங்கள் எம்பிக்கு எழுதும்போது அசிக் எஃப்எம்மையும் வாய் எஃப்எம்மையும் நான் பெயர் சொல்லிக் கேட்பேன். நீங்கள் மின்னலின் பெயரையும் சேர்த்துக்கொண்டால், அதற்கும் என் நன்றி.

அன்புடன்,
தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரு மின்னல் நேயர்