மணல் மீது ஒரு பந்தயம்

கோவாவில் இருப்பதுபோல் கோவளத்தில் சூதாட்ட விடுதி கிடையாது. ஆனாலும் அங்கே கடை போட்டவர்கள் ஆண்டுதோறும் சூதாடத்தான் செய்கிறார்கள். பந்தயம், நவம்பர் முதல் மார்ச் வரையிலான சீசன் மீது. 2020-21 சீசனை கொரோனா விழுங்கியது. பெரிய ஓட்டல் தாங்கிக்கொள்ளும். குடையும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவர் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சுமார் 15 கி.மீ. தள்ளியிருக்கும் இந்த மீனவர் கிராமத்தில் 1930களில் திருவிதாங்கூர் அரச குடும்பம் மாளிகை கட்டியது. 1970களில் ஹிப்பிகள் வந்தார்கள். சார்லஸ் கொரியா வடிவமைத்த அரசு ஓட்டலும் வந்தது. 2002இல் அது தனியாருக்கு விற்கப்பட்டு, பிறகு மேலும் இரு முறை கைமாறியது. மாளிகை யாருக்குச் சொந்தம் என்று பல ஆண்டுகள் வழக்கு நடந்தது.

ஆனால் கோவளத்தின் மூலதனம் மாளிகையல்ல, மணல்தான். மழைக்காலத்தில் கடல் அதை அள்ளிச் செல்லும். அலை அடங்கியதும் திருப்பிக் கொடுக்கும். சுவர்களும் கட்டடங்களும் கரையை நெருக்க நெருக்க, திரும்பி வருவது குறையும்.

2025 மே மாதம் பக்கத்து விழிஞ்ஞத்தில் துறைமுகம் திறக்கப்பட்டது. அங்கே வரும் ராட்சதக் கப்பல்கள் இறக்குவது கன்டெய்னர்களை, பயணிகளை அல்ல. கோவளம் பிழைக்க இன்னொரு ஓட்டல் வேண்டாம். கடல் திருப்பித் தரும் மணலுக்குக் கரையில் இடம் விட்டால் போதும். அந்தக் குடைகளை ஊன்றுவதற்கும் அந்த இடம்தான் வேண்டும்.