எந்த டம்ளரில் காப்பி?

வழக்கு வேலையாக எந்த ஊருக்குப் போனாலும், நீதிமன்றம் எங்கே என்று விசாரித்த கையோடு நல்ல காப்பி எங்கே கிடைக்கும் என்றும் விசாரித்துவிடுவேன். தோழர்கள் கேலி செய்வார்கள். "வன்கொடுமை வழக்குக்கு வந்த இடத்துல காப்பிக்கு என்ன தோழர் அவசரம்?" என்பார்கள். இருக்கட்டும். எனக்குக் காப்பி பிடிக்கும். டிகாக்ஷன் இறங்கும் வாசனை பிடிக்கும். நாலே மேசை போட்ட சின்னக் கடையில் தனியாக உட்கார்ந்து குடிப்பது இன்னும் பிடிக்கும்.

மதுரையில் அப்படி ஒரு கடை உண்டு. முன்பு தட்டச்சுப் பயிலகமாக இருந்த ஒற்றை அறை. கொட்டையைக் கடைக்காரரே வறுத்து அரைக்கிறார். உள்ளே போனால் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "சிக்கரி சேர்த்ததா, சேர்க்காததா?" எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், யார் மகன் என்ற மூன்று கேள்விகள் அங்கே கிடையாது. அந்த மூன்றுக்கும் பதில் சொல்லியே வளர்ந்தவர்களுக்கு, அவை கேட்கப்படாத அரைமணி நேரம் எவ்வளவு பெரிய சுகம் என்று தெரியும்.

என் தாத்தாவுக்கு ஊர் டீக்கடையில் கொட்டாங்கச்சி. வெளியே குத்தவைத்துத்தான் குடிக்க வேண்டும். அப்பாவுக்கு அலுமினிய டம்ளர். அது கடைக் கூரையின் எரவாணத்தில் செருகியிருக்கும். அவரே எடுத்து, அவரே கழுவி, மறுபடி அவரே செருக வேண்டும். காசு மட்டும் எல்லோருக்கும் ஒரே காசு. பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் குடிக்கும் டம்ளரில் குடிக்கும் முதல் தலைமுறை எங்கள் வீட்டில் நான்தான்.

இது தானாக நடந்துவிடவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் நுழைய சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், அதாவது இன்றைய குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தன் 4ஆம் பிரிவில் உணவகத்தின் பாத்திரங்களைக்கூடத் தனியாகக் குறிப்பிடுகிறது. பொதுமக்களுக்கென வைத்திருக்கும் பாத்திரத்தை ஒருவருக்கு மறுப்பது குற்றம். ஒரு டம்ளருக்காக ஒரு நாடு சட்டம் எழுத வேண்டியிருந்தது என்பதை ஒவ்வொரு வாய் காப்பிக்கும் நினைத்துக்கொள்ளலாம்.

நகரத்துக் காப்பிக் கடைகளும் அன்று யோக்கியமாக இல்லை. 'பிராமணாள்' என்று பலகை மாட்டிய கடைகள் இருந்தன. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்பு பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை போனார்கள். அந்தப் போராட்டம் பலகையில் இருந்த சொல்லை அகற்றியது. ஆனால் ஊர்ப்புறத்து டீக்கடைகளில் கொட்டாங்கச்சி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கடைகளை நடத்தியவர்கள் பிராமணர்களும் அல்லர். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது புதிதாக முளைக்கும் சில கடைகளைப் பார்க்கிறேன். திண்ணை, ஊஞ்சல், பித்தளை டபரா, சுவரில் கறுப்பு வெள்ளைப் படங்கள், வாசலில் சாதிப் பெயரோடு ஒரு பலகை. கேட்டால் 'பாரம்பரியம்' என்கிறார்கள். காப்பிக்கு ஏது அத்தனை பாரம்பரியம்? தமிழ் வீடுகளுக்குள் அது பரவலாக நுழைந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான். ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. நேற்று வந்த பானத்துக்குத் தொன்மை பூசி, அந்தத் திண்ணையில் யார் உட்கார முடிந்தது என்பதைக் கழுவித் துடைத்துவிடுகிறார்கள். காப்பி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே எனக்கு இறங்குவதில்லை.

இன்னொரு வகைக் கடையும் வந்திருக்கிறது. அங்கே காப்பி பற்றிய விவரம் அட்டை நிறைய இருக்கும். எந்தத் தோட்டம், எத்தனை அடி உயரம், என்ன செடி, பழத்தைக் கழுவிக் காயவைத்ததா, அப்படியே காயவைத்ததா, எல்லாம் எழுதியிருப்பார்கள். படிக்க எனக்கு ஆசைதான். பறித்தது யார் என்பது மட்டும் அதில் இருக்காது. காப்பிப் பழம் எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. சிவந்ததை மட்டும் கையால் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும், அதே செடிக்கு மறுபடி மறுபடி வர வேண்டும். அட்டையில் பெருமையாக எழுதும் சுவை அந்தக் கையில்தான் தொடங்குகிறது. அந்தக் கை பெரும்பாலும் யாருடையது என்பது நமக்குப் புதிதல்ல. இலங்கை மலைகளில் தேயிலைக்கு முன்பு காப்பிதான் விளைந்தது. 1869இல் தொடங்கிய இலைநோய் அதை அழித்தது. அந்தக் காப்பியைப் பறிக்க மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்துபோன தமிழர்களில் பெரும்பகுதியினர் நம் சேரிகளிலிருந்து போனவர்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

தாண்டிக்குடிப் பக்கம் ஒரு பெண் நடத்தும் சிறு கடையில் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். தோட்டத் தொழிலாளியின் மகள். "எங்கம்மா நாப்பது வருசம் பழம் பறிச்சாங்கண்ணே. நல்ல கொட்டையெல்லாம் மூட்டையில போயிரும். எங்களுக்குக் கழிவுக் கொட்டைதான், வெல்லம் போட்டுக் கறுப்பா குடிப்போம்" என்றார். இன்று அவர் கடையில் முதல் வடிப்பு அம்மாவுக்குப் போகிறது. அதற்குப் பிறகுதான் வியாபாரம். நான் குடித்த காப்பிகளில் அதற்குத் தனி இடம் உண்டு.

போராட்டம் என்றால் வாங்கிய அடியை மட்டும்தான் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காரணம் சொல்லாமல், யாருக்கும் எழுந்து நிற்காமல், பிடித்த இடத்தில் பிடித்ததைக் குடிப்பதும் நாம் கேட்ட உரிமைதான். அதை அனுபவிக்க நமக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அனுபவிக்க முடியாது. இரட்டைக் குவளை இப்போது வேடம் மாறியிருக்கிறது. ஊருக்குக் கண்ணாடி டம்ளர், சேரிக்குக் காகிதக் கப். கேட்டால் 'சுகாதாரம்' என்பார்கள். எல்லோருக்கும் காகிதக் கப் என்றால் அது சுகாதாரம். சிலருக்கு மட்டும் என்றால் அது கொட்டாங்கச்சி. அடுத்த முறை கிராமத்து டீக்கடையில் நிற்கும்போது, உங்கள் கையில் இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் கையில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். வேறாக இருந்தால் ஏன் என்று கடைக்காரரிடம் அங்கேயே, சத்தமாகக் கேளுங்கள்.