நாத்தனாரின் சாட்சியம்

எதிர்த்தரப்பு கூட்டிவந்த சாட்சியே என் கட்சிக்காரரின் வழக்கைத் தூக்கி நிறுத்தியது ஒரே ஒரு முறைதான். 2011-இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் நடந்த மணமுறிவு வழக்கு அது. பெயர்களையும் அடையாளங்களையும் விட்டுவிட்டு எழுதுகிறேன். வீட்டில் இருக்கிற பெண், வேலைக்குப் போகிற பெண் என்று நம்மவர்கள் இரண்டு கட்சி பிரித்து மோதவிடுகிறார்கள். அது எவ்வளவு பொய் என்பதை அன்றைய விசாரணையில் கண்ணால் கண்டேன்.

அப்போது என் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், தம்பிப்பிள்ளை சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து நடந்தே வந்தார் அந்த அம்மா. ஐம்பதை ஒட்டிய வயது. பிறந்து வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸிலேயேதான். அப்பா ரயில்வே ஊழியர்; ‘நூறு குவாட்டர்ஸ்’ என்று ஊரே சொன்ன வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தவர்கள். 1983-இல் கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போனார். கணவர் முதலில் துறைமுகத்தில் வேலை செய்தார், பிறகு சொந்தமாக லாரித் தொழில். குடியிருந்த வீடு, ஒரு கடைவீடு, லாரிகள், இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிப் பணம் எல்லாமே கணவர் பெயரில். மணமுறிவு கேட்டு மனுச் செய்தவரும் அவரே. ஐம்பதாயிரம் வெள்ளி வாங்கிக்கொண்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று அவருடைய வழக்கறிஞர் கடிதம் அனுப்பியிருந்தார்.

அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: “லாயரம்மா, நான் பெண்ணியம் பேச வரல. என் பங்கு என்னன்னு கேக்க வந்தேன்.”

அவர் கேட்டதைவிடத் தெளிவான பெண்ணியத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. ஆனால் அன்றைய சட்டம் அவருக்கு அத்தனை அனுகூலமாக இல்லை.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கும் மணமுறிவுக்கும் உரியது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 76-ஆவது பிரிவு அன்று சொத்தை இரண்டு வகையாகப் பார்த்தது. கணவன் மனைவி இருவர் முயற்சியிலும் சேர்ந்தது என்றால் நீதிமன்றம் சமபங்கின் பக்கம் சாய வேண்டும். ஒருவர் முயற்சியில் மட்டும் சேர்ந்தது என்றால், மற்றவர் வீட்டையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டதைக் கணக்கில் எடுக்கலாம்; ஆனால் சம்பாதித்தவருக்கே பெரிய பங்கு போக வேண்டும். இது நீதிபதியின் விருப்பத்துக்கு விட்ட விஷயம் அல்ல, சட்டத்தின் கட்டளை. முப்பது வருடம் அடுப்படியில் நின்றவளும் பாதியைத் தொட முடியாது.

ஆகவே கூட்டு முயற்சி என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு முன்பணம் கட்டியபோது தம் நகைகளை அடகு வைத்ததாக அவர் சொன்னார். அடகுக்கடைச் சீட்டு எங்கே? நகையை மீட்கும்போது சீட்டைக் கடையிலேயே கொடுத்துவிடுவது வழக்கம். கூட்டுப் பணமும் போட்டாராம். அக்கம்பக்கத்துப் பெண்கள் மாதாமாதம் ஒரு தொகை போட்டு ஆளுக்கொரு மாதம் எடுக்கும் அந்தக் கூட்டை நடத்துவதை 1971-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். ஏமாந்தவர்களைக் காக்க வந்த தடைதான், குறை சொல்லவில்லை. ஆனால் வங்கிக் கணக்கே இல்லாத பெண்களின் ஒரே சேமிப்பு அதுதான், அதற்கு எவரும் ரசீது எழுதியதில்லை. இப்படி, அவர் கொடுத்த ஒவ்வொரு வெள்ளியும் தடயமில்லாமல் வீட்டுச் சுவருக்குள் போயிருந்தது.

பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: “அஞ்சு புள்ளைங்கள வளர்த்தேன்.” மனுவில் இருந்த பிள்ளைகள் இரண்டு பேர். மற்ற மூவர் யாரென்று கேட்டேன். நாத்தனாரின் பிள்ளைகள் என்றார். அதைப் பெரிதாக நினைக்காத குரலில்தான் சொன்னார்.

விசாரணையில் கணவர் நிதானமாகவே சாட்சி சொன்னார். கெட்டவர் அல்ல, தம் உழைப்பை மட்டுமே பார்க்கப் பழகியவர். “எங்கம்மா பால் மரம் வெட்டி எங்கள வளர்த்தாங்க. என் தங்கச்சி மிஸ்ஸி வேலை பாத்துக்கிட்டே மூணு புள்ளைங்கள வளர்த்துச்சு. இவங்க வீட்ட விட்டு வெளிய போனதே இல்ல.” நம் பகுதியில் தாதியரை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். அண்ணன் சொன்னதை உறுதிப்படுத்தவே அந்தத் தங்கையைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள். அரசாங்க மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், நிமிர்ந்த பெண்மணி. உழைத்துப் பிழைக்கிற பெண்ணுக்கு வீட்டிலிருக்கும் பெண்ணைப் பிடிக்காது என்று எதிர்த்தரப்பு கணக்குப் போட்டிருக்கலாம்.

குறுக்கு விசாரணையில் என் முறை வந்தது.

“இரவு வேலை உண்டா, அம்மா?”

“உண்டு. மாசத்துல ஒரு வாரமாவது வரும்.”

“அந்த இரவுகளில் உங்கள் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்?”

அண்ணனை ஒரு முறை பார்த்தார். “அண்ணி வீட்ல.”

“சாப்பாடு?”

“அண்ணிதான்.”

“காலையில் பள்ளிக்கூடம்?”

“அண்ணிதான் பஸ் ஏத்திவிடுவாங்க. காய்ச்சல் வந்தாலும் அவங்கதான் கிளினிக் கூட்டிட்டுப் போவாங்க.”

“அதற்கு மாதம் என்ன கொடுத்தீர்கள்?”

“குடும்பத்துக்குள்ள எப்படிங்க காசு குடுக்கிறது?”

“அண்ணி பார்த்துக்கொள்ளவில்லை என்றால்?”

“வேலைய விட்டிருப்பேன்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. “நான் வேலைய விட்டிருந்தா அண்ணனுக்கு மொத லாரியும் வந்திருக்காது. அந்தக் கடனுக்கு ஜாமீன் போட்டது நான். என் சம்பளச் சீட்டப் பாத்துத்தான் பேங்க்ல குடுத்தாங்க. வீட்டுக்குக் கட்டுன முன்பணத்துல அண்ணியோட கூட்டுக் காசும் இருந்துச்சு. எனக்குத் தெரியும், அந்தக் கூட்டுல நானும் இருந்தேன்.”

அண்ணனுக்காக வந்தவர் அண்ணனுக்கு எதிராகப் பேசவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

வாதத்தின்போது கணவரின் தாயாரையே எடுத்துக்கொண்டேன். பெண் வேலைக்குப் போவது ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று நம்மில் பலர் பேசுகிறார்கள். இந்த நாட்டில் நம் பாட்டிமார் விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போனவர்கள். பிள்ளைகளை விட்டுப்போகத் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. அதில் தொட்டில் ஆட்டிய ஆயாவுக்குத் தோட்டம் சம்பளம் கொடுத்தது, சொற்பமோ அற்பமோ. கூலியைக் கிள்ளிக் கொடுத்த வெள்ளைக்காரத் துரைகூடப் பிள்ளை பார்ப்பதை வேலை என்று பேரேட்டில் எழுதினான். ஐந்து பிள்ளைகளைப் பார்த்த என் கட்சிக்காரருக்கு ஒரு பேரேட்டிலும் இடமில்லையா என்று கேட்டேன்.

2000-இல் லண்டனில் பிரபுக்கள் சபையில் நிக்கல்ஸ் பிரபு எழுதிய தீர்ப்பையும் எடுத்துவைத்தேன்: பணம் ஈட்டியவர் பக்கம், வீட்டைப் பார்த்தவருக்கு எதிராக, நீதிமன்றம் சாயக் கூடாது என்றது அது. நம் சட்டத்தின் வாசகம் வேறு என்று எதிர்த்தரப்பு மறுத்தது. சட்டப்படி அவர்கள் சொன்னது சரிதான்.

தீர்ப்பில் குடியிருந்த வீடு கூட்டு முயற்சி என்று ஏற்கப்பட்டு, பாதி கிடைத்தது. லாரியும் கடைவீடும் கணவரின் தனி முயற்சி. அதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. முதல் லாரி யாருடைய சம்பளச் சீட்டில் வந்தது, அந்தச் சம்பளம் யாருடைய இரவுகளால் நிலைத்தது என்று நீதிமன்றமே கேட்டிருந்தது. ஆனாலும் அந்தச் சங்கிலியை எழுதிவைக்கச் சட்டத்தில் ஓர் இடமும் இல்லை. மேல்முறையீடு செய்யலாம் என்றேன். அந்த அம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

நம் பெண்கள் போராடாமல் எதையும் பெறவில்லை. பதினாறு வயதில் ஜான்சி ராணி படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன் 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தை அமைத்து, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் கேட்டார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அரசுப் பணியில் அது கிடைத்தது. நாத்தனாரின் சம்பளச் சீட்டில் அந்தப் போராட்டத்தின் பலன் இருந்தது. வெளியே செய்யும் வேலைக்குச் சரியான கூலி கேட்டார் ராசம்மா. வீட்டுக்குள் செய்யும் வேலையையும் கணக்கில் எடு என்று கேட்டார் என் கட்சிக்காரர். இந்த இரண்டும் ஒரே கோரிக்கை என்பது என் உறுதியான நம்பிக்கை. ஒன்றை மட்டும் பெண்ணியம் என்று தூக்கிப்பிடித்து, வீட்டிலிருப்பவளைப் பின்தங்கியவளாகப் பார்க்கிற படித்த பெண்களிடமும் நான் சண்டை போட்டிருக்கிறேன்.

பிறகு சட்டம் மாறியது. 2017-இல் நிறைவேறி 2018 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கூட்டு முயற்சி, தனி முயற்சி என்ற பிரிவினையை எடுத்துவிட்டது. மணவாழ்க்கையின் நீளமும் கணக்கில் வந்தது. சம்பாதித்தவருக்கே பெரிய பங்கு என்ற கட்டளை போயிற்று. எல்லாச் சொத்திலும் சமபங்கின் பக்கமே சாய வேண்டும். இப்படி ஒரு சட்டமே இல்லாத இந்தியாவில், 2023-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, சவூதியில் கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் ஊரில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அதைப் படித்தபோது கிள்ளான் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

மலேசியாவில் 2022 டிசம்பரிலிருந்து வருடம் 120 வெள்ளி கட்டினால் இல்லத்தரசிக்குச் சொக்சோ சமூகப் பாதுகாப்பு உண்டு. சமையலறையில் வழுக்கி விழுவதையும் விபத்து என்று அரசு எழுதிக்கொள்கிறது. கணவர் தம் இபிஎஃப் சந்தாவில் இரண்டு விழுக்காட்டை மனைவி கணக்குக்கு மாற்றும் ஐ-சாயாங் திட்டமும் 2023-இல் வந்தது. ஆனால் அது கணவர் மனம் வைத்தால்தான். மனம் வைக்கிற கணவரின் மனைவி என் அலுவலகப் படியேறப் போவதில்லை.

தீர்ப்பு வந்த அன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் நாத்தனார் என்னிடம் வந்தார். “அண்ணி வீட்ட பாத்தாங்கன்னு ஒரு கணக்கு, அண்ணன் சம்பாதிச்சாருன்னு ஒரு கணக்கு. நான் பகல்ல வார்டு, ராத்திரி அடுப்பு, ரெண்டும் பாத்தேன். லீவு நாள்ல அண்ணி புள்ளைங்களையும் பாத்தேன். என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போனா எனக்கு எந்தக் கணக்குல எழுதுவாங்க, லாயரம்மா?”

திருத்திய சட்டத்தை வாங்கியதும் அவர் கேள்விக்குத்தான் முதலில் பதில் தேடினேன். வீட்டையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டதைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் வரி, “சொத்தை ஈட்டாத மற்றவர்” பார்த்துக்கொண்டதை மட்டுமே சொல்கிறது. வேலைக்கும் போய்ச் சொத்திலும் பணம் போட்ட பெண்ணின் அடுப்படி உழைப்பு அந்த வரிக்குள் நேராக வரவில்லை. பணமாகவும் வேலையாகவும் செய்த பங்களிப்பைச் சொல்லும் முந்தைய வரியை இழுத்துப் பிடித்து வாதாட வேண்டியிருக்கிறது. இன்று என்னிடம் வருகிற பெண்களில் அதிகம் பேர் வேலைக்குப் போகிறவர்கள்தான். கணக்காளர், ஆசிரியை, தொழிற்சாலை மேற்பார்வையாளர். சம்பளச் சீட்டை எடுத்து வைக்கிறார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, காலை எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று தொடங்குகிறேன். பிரமாணப் பத்திரத்தில் அதைத் தனித் தலைப்பாகவே எழுதுகிறேன். சில நீதிபதிகள் ஏற்கிறார்கள், சிலர் ஏற்பதில்லை. அந்த வரியிலிருந்து “சொத்தை ஈட்டாத” என்ற நிபந்தனையை எடுக்க வேண்டும்.