முதலில் ஓடு, கடைசியில் ஆத்தங்குடிக் கல்: பழைய வீட்டைப் புதுப்பிக்க செட்டிநாடு சொல்லும் கணக்கு!

காரைக்குடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது கானாடுகாத்தான். ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது தெருக்களின் நேர்த்தி. அடுத்து, வீடுகளின் நீளம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள் போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு வீடு சினிமா ஷூட்டிங்குக்குத் தயாரானதுபோல் மினுமினுக்கும். நான்கு வீடு தள்ளிப் பார்த்தால் ஒரு வீட்டின் கைப்பிடிச் சுவரில் அரசமரக் கன்று முளைத்திருக்கும். பூட்டு துருப்பிடித்திருக்கும். ஓடு சரிந்த இடத்தில் தார்ப்பாய் கிழிந்து தொங்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில், அதே பர்மா தேக்கும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டவைதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பணம் மட்டுமல்ல. எந்த வேலையை முதலில் செய்தார்கள் என்பதும்தான்.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் 70-க்கும் மேற்பட்ட நகரத்தார் ஊர்களைச் சேர்த்துத்தான் செட்டிநாடு என்கிறோம். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்த பகுதி இது. கடல் கடந்து வணிகம் செய்து சம்பாதித்த பணத்தில் எழுந்த இந்த மாளிகைகளைப் பழுது பார்ப்பது இன்று பெரிய சவால். ஆனால் இங்கே பலிக்கும் கணக்கு, உங்கள் ஊரில் இருக்கும் தாத்தா வீட்டுக்கும் அப்படியே பலிக்கும்.

கொத்தனாருக்கு முன்னால் பங்காளி

செட்டிநாட்டு வீடு பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமானதல்ல. பல பங்காளிகளுக்குப் பொதுவானது. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் அமெரிக்காவில் இருப்பார். படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான் எல்லோரும் ஒன்றுகூடுவார்கள். வேலை பாதியில் நிற்பதற்கான முதல் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஓடு பிரித்த பிறகு, 'என்னைக் கேட்காமல் யார் ஆரம்பிச்சது?' என்று ஒரு போன் வந்தால் போதும். சாரம் அப்படியே நிற்கும்.

அதனால், ஆள் கூடும் நாளிலேயே மூன்று விஷயங்களைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. ஒன்று, மொத்தச் செலவில் யார் பங்கு எவ்வளவு, அது எப்போது வரும்? இரண்டு, மேஸ்திரியிடம் பேசப்போகும் ஒரே ஆள் யார்? மூன்று, எவ்வளவு ரூபாய் வரை அவரே முடிவெடுக்கலாம், எதற்கு மேல் எல்லோரையும் கேட்க வேண்டும்? அண்ணன் தம்பி இருவர் மட்டுமே உள்ள சின்ன வீட்டுக்கும் இது பொருந்தும். மேஸ்திரிக்கு இரண்டு முதலாளிகள் இருந்தால், ஒரே சுவரை இரண்டு தடவை உடைக்க வேண்டிவரும்.

ஐப்பசியில் பார், மார்கழியில் எழுது, தையில் தொடங்கு

பழைய வீட்டைச் சோதிக்க வெயில் நாள் உதவாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் ஒரு சாக்பீஸோடு நடக்க வேண்டும். எங்கே சொட்டுகிறது, எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, வளவின் முற்றத்தில் விழும் தண்ணீர் வடிகாலில் ஓடுகிறதா, தேங்குகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். நாலாபக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரியும் வீடுகள் இவை. வடிகால் அடைத்தால் மொத்த வீடும் ஈரம்தான்.

மார்கழியில் வீட்டு வேலை தொடங்கப் பலரும் விரும்புவதில்லை. எஸ்டிமேட் போட அதுவே சரியான மாதம். குறித்து வைத்ததை மூன்றாகப் பிரித்துவிடலாம். செய்யாவிட்டால் வீடு விழும் என்பவை முதல் பட்டியல். செய்தால் வசதி என்பவை இரண்டாவது. ஆசைக்கு என்பவை மூன்றாவது. கூரை, வடிகால், கறையான் அரித்த கட்டை ஆகியவை முதல் பட்டியல். பாத்ரூம், வயரிங் இரண்டாவது. முகப்புக்குப் புது வர்ணம், பெல்ஜியம் கண்ணாடிக்குப் புதுச் சட்டம் எல்லாம் மூன்றாவது. கை முதலில் போவது எப்போதும் மூன்றாவது பட்டியலுக்குத்தான். விருந்தாளி கண்ணுக்குத் தெரிவது அதுதானே!

தை பிறந்ததும் வேலையைத் தொடங்கினால், மாசி, பங்குனியில் ஓடு பிரித்து மேய்ந்துவிடலாம். அதே கையோடு ஆசாரி சட்டங்களைப் பார்த்துவிடுவார். சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் முனையில்தான் கறையான் ஒளிந்திருக்கும். தட்டிப் பார்த்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். சித்திரையில் வயரிங், தண்ணீர்க் குழாய். வைகாசி, ஆனியில் பூச்சு. தரையும் வர்ணமும் அதற்கும் பிறகு. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடிய வேண்டும் என்றால் இந்த வரிசை பிசகக் கூடாது.

அவசரப்படுத்த முடியாத இரண்டு

செட்டிநாட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தால் கண்ணாடிபோல் வழுக்கும். சுண்ணாம்பை நீற்றி, அரைத்து, அடுக்கடுக்காகப் பூசி, கடைசி அடுக்கில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு அது. ஒவ்வொரு அடுக்கும் காய வேண்டும். 'சீக்கிரம் முடியும்' என்று சிமென்ட் பூசினால், சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். சில வருடங்களில் அதே சுவருக்கு இரண்டாவது செலவு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு என்பதால், அவர்களின் தேதியை முதலில் வாங்கிக்கொண்டு மற்ற வேலைகளை அதற்கேற்ப அமைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவது, ஆத்தங்குடிக் கல். ஊருக்குள் இருக்கும் பட்டறைகளில் இது தயாராவதை நேரில் பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் டிசைன் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் கலவையைக் கையால் ஊற்றுகிறார்கள். மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்குகிறார்கள். பிறகு தண்ணீரில் பல நாள் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சூளை கிடையாது. கண்ணாடியைப் பிரித்தெடுக்கும்போது கிடைப்பதுதான் அந்தப் பளபளப்பு.

கையால் செய்வதால் ஒரு தடவை வரும் நிறம் அடுத்த தடவை அப்படியே வராது. ஹாலுக்கு இன்று, அறைக்கு அடுத்த மாதம் என்று வாங்கினால் தரையில் வித்தியாசம் தெரியும். மொத்த அளவையும் எடுத்து, உடைசலுக்குப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்து, ஒரே ஆர்டராகக் கொடுத்துவிட வேண்டும். அதுவும், கூரை வேலை நடக்கும்போதே. குழாய் பதித்துச் சோதித்துப் பார்க்கும் வரை ஒரு கல்லைக்கூடப் பதிக்கக் கூடாது.

10 லட்சம் இருந்தால் 8 லட்சம்தான் இருக்கிறது

பழைய வீட்டைப் பிரித்துப் பார்க்கும் வரை அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கையில் 10 லட்சம் ரூபாய் இருந்தால், 8 லட்சத்துக்கு மட்டும் திட்டம் போடுங்கள். மீதி 2 லட்சம், ஓடு பிரித்த பிறகு தெரியவரும் கறையானுக்கு. அது மிச்சமானால் மூன்றாவது பட்டியலுக்குப் போகலாம்.

மேஸ்திரிக்குத் தேதி பார்த்துப் பணம் தராதீர்கள். முடிந்த வேலையைப் பார்த்துத் தாருங்கள். அட்வான்ஸ் சிறியதாகவும், கடைசித் தவணை சற்றுப் பெரியதாகவும் இருக்கட்டும். வேலை நடுவில் 'இங்கே ஒரு ஜன்னல் வைத்தால் என்ன?' என்று தோன்றினால், அதற்கான ரூபாயும் நாளும் எவ்வளவு என்று எழுதி வாங்கிய பிறகே தலையாட்டுங்கள். பட்ஜெட்டைப் பெரும்பாலும் தின்பது இந்தச் சின்னச் சின்ன ஜன்னல்கள்தான்.

முகூர்த்த நாள் குறித்துவிட்டு வேலை தொடங்குவது இன்னொரு பொறி. பெரிய வீட்டில்தான் கல்யாணம் என்பது இங்கே வழக்கம். கடைசி வாரத்தில் இரட்டைக் கூலி, ஈரம் காயாத சுவரில் வர்ணம், கிடைத்த விலைக்குச் சாமான் என்று எல்லாமே கைமீறும். வேலை முடியும் தேதிக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் இரண்டு மாதமாவது இடைவெளி இருந்தால் இந்த ஓட்டம் இல்லை.

முனீஸ்வரன் கோவில் தெரு

செட்டிநாடு போகிறவர்கள் தவறாமல் எட்டிப் பார்ப்பது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளை. எனாமல் தூக்குகள், பீங்கான் ஜாடிகள், ரவிவர்மா படங்களுக்கு நடுவே ஆளுயரத் தேக்குத் தூண்களும் செதுக்கல் நிலைகளும் சாய்ந்து நிற்கும். அவற்றில் பல, பிரித்து விற்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவை.

அந்த வீடுகளும் ஒரேநாளில் விழுந்துவிடவில்லை. ஒரு ஓடு நகர்ந்தது. ஒரு மழை இறங்கியது. அடுத்த படைப்புக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு தள்ளிப்போனது. பிறகு பழுது பார்க்கும் செலவைவிட, பிரித்துவிற்றால் வரும் காசு பெரிதாகத் தெரிந்தது.

உங்கள் ஊர் வீட்டில் இந்த ஐப்பசியில் எங்கே சொட்டுகிறது என்று பார்த்துவிட்டீர்களா? எஸ்டிமேட்டின் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும்.